ஃப்ரீசரில் இருந்த சம்பால்

புனே
26 மே 2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

வெட்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் கெட்டுப்போன சம்பாலைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தெரியாமல் தின்றிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும். தெரிந்தே தின்றேன். மூடியைத் திறந்ததும் சமையலறைக் கரப்பான்பூச்சிகளே வெளிநடப்புச் செய்தன. அப்படியும் ஒரு கரண்டி. அப்புறம் இன்னொரு கரண்டி.

டாக்டர் பெண் "அங்கிள், வெளியில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டாள். ஐம்பத்தாறு வயதுக்காரன், போசரியில் ஒரு தொழிற்சாலைக்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், தலையைக் குனிந்துகொண்டு "பானிபூரி" என்று பொய் சொன்னேன். என்னைத் தூக்கிக்கொண்டு வந்த ரஃபீக், என்னோடு வேலை பார்ப்பவன், உடனே சட்டைக் கையை மடித்தான். "எந்த வண்டிக்காரன், சாப்? பேரை மட்டும் சொல்லுங்க." ஒரு பாவமும் அறியாத பானிபூரிக்காரன் அன்று என் மௌனத்தால் பிழைத்தான்.

உன் அக்கா போனதிலிருந்து நீ என் நம்பரை வாட்ஸப்பில் தடுத்து வைத்திருக்கிறாய். குடும்பக் குழுவிலிருந்தும் போய்விட்டாய். தபால்காரரைத் தடுக்கப் பொத்தான் இன்னும் வரவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ரமா கடைசியாகச் செய்த உங்கள் மலேசியா நெத்திலி சம்பால், நான் மிளகாய்த் தொக்கு என்று சொல்வேனே, அது ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய ஃப்ரீசரில் இருந்தது. மூடிமேல் 'சம்பால்' என்று அவள் கையெழுத்து. ஸ்நேஹா அதை என்னைத் தொடவே விடவில்லை. "அம்மா கையால செஞ்சது இது ஒண்ணுதான்பா மிச்சம். முதல் வருஷத் திதி முடிஞ்சு மறுநாள் படைக்கிறப்போ திறப்போம். படைச்சுட்டு நாம ரெண்டு பேரும் சாப்பிடுவோம். அதுக்குள்ள கை வச்சீங்க, அவ்வளவுதான்." பெங்களூரிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் என் சர்க்கரையை விசாரிப்பதற்கு முன் டப்பாவைத்தான் விசாரிப்பாள்.

ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனேன். கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைத்தேன். ஆலையை மூடும்போது முதலில் மெயின் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் அல்லவா? ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் கை தானாக அங்கே போகும். ரமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஃப்ரிட்ஜ்! ஃப்ரிட்ஜ்!" என்று கத்துவாள். இந்தத் தடவை கத்த ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது ஃப்ரீசரிலிருந்து தண்ணீர் வடிந்து ஹால் வரை வந்திருந்தது. கொட்டிவிடலாம் என்றுதான் திறந்தேன். கொட்டக் கை வரவில்லை. அதுதான் அந்த இரண்டு கரண்டி. அந்த நேரத்திலும் ஒன்றைக் கவனித்தேன்: நெத்திலி வழக்கத்தைவிடப் பெரிது. பொடிப்பொடியாகப் பொறுக்கி வாங்குகிறவளைப் பிம்ப்ரி மார்க்கெட்டில் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

பஞ்சாங்கப்படி இந்த வருஷம் திதி ஆகஸ்டிலேயே வந்துவிடுகிறது. டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன், கையெழுத்து அழியாமல். அதில் நிரப்ப உங்கள் வீட்டுச் சம்பாலை எனக்குச் சொல்லிக்கொடு. எனக்கு வெந்நீரும் முட்டையும் மட்டும் தெரியும். முட்டையில் சந்தேகம் உண்டு.

உன் அத்தான்,
சுப்ரமணியன்

●

ஈப்போ
14 ஜூன் 2024

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அக்காவுக்கு நுரையீரலில் நோய் என்று உங்களுக்குத் தெரிந்தது ஏப்ரலில். எனக்குச் சொன்னது ஆகஸ்ட் முடியும்போது. விசா கைக்கு வந்த அன்று அக்கா இல்லை. வீடியோ அழைப்பில் யாரோ கைபேசியைப் பிடித்திருந்தார். என் அக்காவின் முகத்தைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் இங்கே உட்கார்ந்து ஒரு மின்விசிறியைப் பார்த்து அழுதேன்.

அன்று என்னிடம் மறைத்தீர்கள். இன்று உங்கள் மகளிடம் மறைக்க என்னையே துணைக்கு அழைக்கிறீர்கள்.

தமிழ்ச் சங்க மலருக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிற பாணியில் எனக்கு எழுத வேண்டாம். கரப்பான்பூச்சி வெளிநடப்பை என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்பால் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. ஸ்நேஹாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஹிணி

●

புனே
1 ஜூலை 2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

திட்டினாலும் கடைசி வரியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எழுதுகிறேன்.

கைபேசியைப் பிடித்தவர் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி தேஷ்பாண்டே காகா. அவருக்குக் கை நடுங்கும். நீட்டிய கையைத் தட்ட மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது.

ஒரு பத்தி மட்டும் சிரிக்காமல் எழுதுகிறேன். ரிப்போர்ட் வந்த அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போது ரமா சொன்னாள்: "ரோஹிணிகிட்ட சொல்லாதீங்க. சொன்னா ப்ளேன் ஏறிடுவா. அவ வந்து நின்னான்னா நான் சாகப்போறேன்னு அர்த்தம். வேணாம்." நான் கேட்டேன். மெயின் ஸ்விட்சைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவள் சொல்லைக் கேட்டு நடந்தவன் நான். இதில் கேட்டிருக்கக் கூடாது.

ஸ்நேஹாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போன் போட்டேன். "ஹலோ"வுக்கு முன்னால், "டப்பா பத்திரமாப்பா?" என்றாள். "பத்திரம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. இருபத்தேழு வயதுப் பெண், ஐடி கம்பெனியில் ஒரு குழுவையே மேய்க்கிறவள், அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு பெருமூச்சு விட்டாள் பார், அதற்கப்புறம் எப்படிச் சொல்வது, நீயே சொல்.

நீ சொல்லித்தராவிட்டால் என்ன என்று யூட்யூபில் ஒரு மலாய் அம்மாளைப் பிடித்தேன். பாஷை புரியவில்லை, அவர் சிரித்த இடத்தில் நானும் சிரித்து வைத்தேன். காய்ந்த மிளகாயை வாணலியில் போட்டுவிட்டுத் திரும்பி வீடியோவைப் பார்த்தேன். எங்கள் விங் முழுக்க இருமியது. தேஷ்பாண்டே காகா கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து, "காய் ஜளத்தய், சாஹேப்?" என்றார். என்ன எரிகிறது என்று கேட்கிறார். நான் கதவிடுக்கில் நின்று, "ஒன்றுமில்லை காகா, சமையல்" என்று ஹிந்தியில் சொன்னேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி கொடுத்தனுப்பினார்.

செய்து முடித்ததைக் குளியலறை டைல்ஸ் ஒட்டப் பயன்படுத்தலாம். கெஞ்சிக் கேட்கிறேன். எனக்காக வேண்டாம்.

அத்தான்

●

ஈப்போ
17 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

"அவ வந்து நின்னான்னா நான் சாகப்போறேன்னு அர்த்தம்." இது அக்கா பேச்சுதான். உங்களுக்கு இப்படி எழுத வராது. நீங்கள் இதில் ஒரு கரப்பான்பூச்சியைச் சேர்த்திருப்பீர்கள்.

ஸ்நேஹாவுக்காக எழுதுகிறேன்.

மிளகாயை வறுக்காதீர்கள். வறுக்கிற வழக்கம் அக்காவுடையது. அவள் கைக்கு அது வந்தது, உங்களுக்கு வராது. விதையைத் தட்டிவிட்டு வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். சின்ன வெங்காயம் நிறைய, பூண்டு கொஞ்சம், விழுதாக. தாராளமாக எண்ணெய் ஊற்றி முதலில் நெத்திலியைப் பொரித்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் கறிவேப்பிலை. மலாய்க்காரர்கள் சம்பாலில் கறிவேப்பிலை போட மாட்டார்கள். எங்கள் அம்மா போடுவார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாயங்காலம் பின்வாசல் வழியாக ஒரு கிண்ணம் கேட்டு வருவார்.

பிறகு விழுதைப் போட்டுச் சிறு தீயில் கிளறுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. தொலைக்காட்சி கூடாது. சிரிப்புக் கட்டுரை கூடாது. நிறம் செங்கல்லிலிருந்து கருஞ்சிவப்புக்குப் போகும். அப்போது புளிக்கரைசல், வெல்லம், உப்பு. நெத்திலி கடைசியில். சோறு தேங்காய்ப்பாலில் வேகட்டும். வாசனைக்கு ரம்பை இலை அங்கே கிடைக்காது, இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போடுங்கள்.

நாங்கள் பெலாச்சான் போடுவோம், அரைத்துக் காயவைத்த இறால் கட்டி. அதை நெருப்பில் காட்டிச் சேர்க்க வேண்டும். தபாலில் அனுப்பினால் சுங்கத்துறை நாயே மயங்கி விழும். கொண்டுவர இப்போது ஆளும் இல்லை. அக்கா அங்கே அதற்குப் பதில் என்ன போட்டாள்? இருபத்தெட்டு வருடம் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

ரோஹிணி

●

புனே
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

சுங்கத்துறை நாய் மயங்கியதை இரண்டு தடவை படித்தேன். மலருக்கு நீயே எழுதலாம்.

உன் கேள்வி என்னைக் குத்திவிட்டது. என்ன போட்டாள்? தட்டைப் பார்த்துச் சாப்பிட்டவன் அடுப்பை எங்கே பார்த்தேன்? நாள் முழுக்க யோசித்தும் வரவில்லை. கடைசியில் மூக்குதான் காப்பாற்றியது. பிம்ப்ரி மார்க்கெட்டில் கருவாட்டுக் கடைக்காரம்மா, எல்லோருக்கும் மாவ்ஷி, ஒரு கூடையைக் கிளறினாள். காய்ந்த சென்னாக்கூனி, பொடி இறால், இங்கே 'சுகட்' என்பார்கள். அந்த வாசனை வந்ததும் எங்கள் பழைய சமையலறை அப்படியே எதிரில் வந்து நின்றது. ரமா ஜன்னலைச் சாத்திவிட்டு, கதவின் அடியிடுக்கில் பழைய துண்டைச் செருகி, தோசைக்கல்லில் சுகட் வறுப்பாள். மேல்வீட்டில் வெங்காயம்கூடத் தொடாதவர்கள். "நாம சமைக்கிறோமா, இல்ல பேங்க் கொள்ளையடிக்கிறோமாடி?" என்பேன். "பேசாம துண்டைக் காலால அமுக்குங்க" என்பாள். நான் அமுக்குவேன். அவ்வளவுதான் என் சமையல் அனுபவம்.

மாவ்ஷி என்னைப் பார்த்து, "வஹினி யேத் நாஹித் ஆதா?" என்றாள். அண்ணி இப்போதெல்லாம் வருவதில்லையே என்று. ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு எண்ணெய் விட்டதுபோல் ஓடுகிறது.

சுகட் வறுத்துப் பொடித்துச் செய்தேன். நீ சொன்னபடி அடுப்பை விட்டு நகரவில்லை. எண்ணெய் பிரிந்தபோது என்னை அறியாமல் கைதட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது ரோஹிணி. ஆனால் அந்த ருசி இல்லை.

எதைச் சொல்கிறேன் என்றால், ரமா எப்போதும் நன்றாகச் செய்வாள். ஆனால் கடைசி ஒன்றரை வருஷம் செய்தாளே, அது தனி. ஒரு ஆழம், ஒரு கனம், வாயை விட்டுப் போகாத ஒரு வாசனை. "என்னடி, இத்தனை வருஷம் கழிச்சு உன் கை இப்பதான் பழுத்திருக்கு" என்று நான்கூடச் சொன்னேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பழுத்த கைதான் எனக்கு வர மறுக்கிறது. டப்பாவில் இருந்ததும் அதுதானே.

ருசி பார்க்க உங்கள் ஊர்ப் பெண் ப்ரீத்தியைக் கூப்பிட்டேன். இங்கே டாக்டருக்குப் படிக்கிறாளே, அவள்தான். ரமா இருந்தபோது லீவு முடிந்து ஈப்போவிலிருந்து வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். வரும்போது பை கனக்கும், போகும்போது இளைத்திருக்கும். "ஏம்மா, படிப்பை எங்க வீட்டுலயே இறக்கி வச்சிட்டுப் போறியா?" என்று கேட்பேன். அவளும் ரமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இந்த முறை ஒரு வாய் சாப்பிட்டாள். "நல்லாருக்கு அங்கிள்." "ஆன்ட்டி கடைசியா செஞ்ச மாதிரி இருக்கா?" என்றேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஏதோ சொல்ல வந்தாள், பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டாள்.

ஏதோ ஒன்று குறைகிறது. என்னவென்று உடனே எழுது. திதி நெருங்கிவிட்டது.

அத்தான்

●

புனே
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

உன் பதில் வரவில்லை. தபால் தாமதமா, நீ தாமதமா, தெரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது.

புதன்கிழமை திதி. முதல் நாளே நான் செய்ததை அந்த டப்பாவில் நிரப்பி, பனி படியட்டும் என்று ஃப்ரீசரின் அடியில் வைத்திருந்தேன். திருடன் தடயத்தை அழிப்பதுபோல் மூடியைத் துடைத்தேன், எழுத்தை விட்டுவிட்டு.

வியாழக்கிழமை ரமா படத்துக்கு முன்னால் இலை போட்டோம். தேங்காய்ப்பால் சோறு, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், வறுத்த வேர்க்கடலை. ஸ்நேஹா டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். சூடுபடுத்தி, முதலில் அம்மாவுக்கு வைத்தாள். கற்பூரம் அணைந்ததும் உட்கார்ந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்பா, இது அம்மா கடைசியா செய்வாங்களே, அந்த மாதிரி இல்லையே."

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இது நான் ஸ்கூல் போறப்போ டிபன்ல கட்டிக் குடுப்பாங்களே, அது. மூடியைத் திறந்தா ரீனா எழுந்து வேற பெஞ்சுக்கு ஓடிடுவா. அந்தச் சம்பால்பா இது. அம்மா எப்போ திரும்பவும் பழைய மாதிரி செஞ்சாங்க?"

"தெரியலைம்மா" என்றேன்.

அழுதுகொண்டே சாப்பிட்டாள். டப்பாவில் சோற்றைப் போட்டுப் புரட்டித் துடைத்துச் சாப்பிட்டாள். எனக்கும் ஒரு உருண்டை உருட்டிக் கொடுத்தாள். காலி டப்பாவைக் கழுவித் தன் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பெங்களூர் போய்விட்டாள்.

மாட்டிக்கொள்ளவில்லை என்று நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. என் கை பள்ளிக்கூடச் சம்பாலோடு நின்றுவிட்டது. ரமாவின் கை கடைசியில் எட்டிய இடம் ஒன்று இருந்ததே, அதை மகளுக்குக் கொடுக்க முடியவில்லை. ஒரு ஸ்விட்சைத் தட்டி அதை அணைத்துவிட்டேன். அவளே எனக்குத் தெரியாமல் வீட்டை விட்டு இன்னொரு தடவை போனதுபோல் இருக்கிறது.

சிரிக்கும்படியாக ஒரு வரி எழுதலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

அத்தான்

●

ஈப்போ
11 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

என்ன குறைகிறது என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதினேன். அனுப்பவில்லை. ப்ரீத்தி அதற்கு முன்பே போனில் அழுதாள். "ஆன்ட்டி, நான் சொல்லலை, நீங்களே சொல்லிடுங்க" என்றாள். எனக்கும் வாய் வரவில்லை.

ஸ்நேஹாவிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவள் சாப்பிட்டது அவள் அம்மாவின் சம்பால்தான். சென்னாக்கூனி போட்டு அதைச் செய்தவள் அக்கா ஒருத்திதான். இப்போது நீங்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் அக்கா கூப்பிட்டாள். "கை சுளுக்கிக்கிச்சுடி. சம்பாலுக்கு மிளகாய் வறுக்க முடியல. நீ செஞ்சு அந்தப் பொண்ணுகிட்ட குடுத்து விடு. அத்தானுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா வேலைக்குப் போகாம என்னை டாக்டர் டாக்டரா இழுத்துட்டு அலைவாரு." அதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் ப்ரீத்தியின் பையில் போத்தல் போத்தலாகக் கொடுத்துவிட்டேன். அக்கா அதை ஐஸ்கிரீம் டப்பாவில் மாற்றி, மேலே பெயர் எழுதி வைத்துக்கொண்டாள்.

மிளகாய் வறுக்கக் கை எதற்கு, அத்தான்? மூச்சுதானே வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "சுளுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "பரவால்லடி" என்பாள், சொல்லி முடிப்பதற்குள் இருமுவாள். புனேயில் குளிர் என்பாள். மே மாதத்திலும் குளிர் என்றாள். நானும் சரி என்று வைத்துவிடுவேன்.

கை பழுத்திருக்கிறது என்று நீங்கள் சொன்னதை அன்றைக்கே எனக்குப் போன் செய்து சொன்னாள். ரொம்ப நேரம் சிரித்தோம்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள்.

நெத்திலி பெரிதாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அவளைப் பிம்ப்ரியில் யாரும் ஏமாற்றவில்லை. அந்த வாரம் ஈப்போ பசாரில் சின்னது கிடைக்கவில்லை.

ரோஹிணி